குண்டு எங்கே போகிறது? ஏர் ரைபிள் குரூப் கெட்டால் அட்டையைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

பொள்ளாச்சிப் பக்கம் நண்பர் ஒருவரின் தென்னந்தோப்பில் மாதம் ஒரு ஞாயிறு நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடுவோம். எல்லாரிடமும் 4.5 மி.மீ. ஏர் ரைபிள், அதாவது கடையில் பாயிண்ட் ஒன் செவன்டி செவன் என்று கேட்டு வாங்குவது. பேரலை, அதாவது குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் வகைதான் அதிகம், இரண்டு பேரிடம் மட்டும் காற்று சிலிண்டர் வைத்தது. பத்து மீட்டரில் ஒரு அட்டை, இருபத்தைந்து மீட்டரில் ஒரு அட்டை, ஒவ்வொன்றிலும் ஐந்து குண்டு. ஐந்து ஓட்டைகளும் சேர்ந்து எவ்வளவு இடத்துக்குள் விழுந்திருக்கின்றனவோ அதைத்தான் குரூப் என்போம், யார் குரூப் சின்னதோ அவருக்கு வெற்றி, கடைசியில் வந்தவர் எல்லாருக்கும் இளநீர் வெட்டித் தரணும். பந்தயம் அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு மாதமும் யாராவது ஒருத்தர் ரைபிளை என் கையில் கொடுத்து, "ஏனுங்கண்ணா, நேத்து வரைக்கும் நல்லாத்தானுங்க இருந்துச்சு, இன்னைக்கு என்னாச்சுன்னே தெரியலீங்க" என்பார்.

இப்படிப் பல வருடமாக வாங்கிப் பார்த்ததில் ஒன்று நன்றாகத் தெரிகிறது. வரும் பழுது ஏழெட்டுதான், அதுவே திரும்பத் திரும்ப வருகிறது, அதில் பாதிக்கு மேல் ஒரு ஸ்க்ரூ டிரைவரிலும் இன்னொரு டப்பா பெல்லட்டிலும், அதாவது ஈயக் குண்டிலும் முடிந்துவிடுகிறது. அப்படியிருந்தும் பலர் நேராகப் புது ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி வாங்கிவிடுகிறார்கள், அதைப் பார்க்கும்போது எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் அட்டையில் ஓட்டைகள் எப்படி விழுந்திருக்கின்றன என்று பார்த்துவிட்டு அந்தத் தலைப்புக்குப் போங்கள். காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், பர்ஸைத் திறக்கவேண்டியது கடைசியில் வரும். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஸ்க்ரூவையும் முடுக்கி, பெல்லட்டையும் மாற்றி, ஸ்கோப்பையும் நாலு கிளிக் திருப்பிவிட்டால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

எந்த அறிகுறியானாலும் முதலில் இதைச் செய்யுங்கள்

ரைபிளில் குண்டு இல்லை என்று கண்ணால் பார்த்து உறுதி செய்த பிறகுதான் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கணும். சோதித்துப் பார்க்கும்போதும் பேரல் எப்போதும் இலக்கின் பக்கமே இருக்கட்டும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பேரலை மடக்கி வைத்துக்கொண்டு குண்டு போடும்போது ஒரு கை பேரலை விடவே கூடாது, அது தானாகத் திரும்பி அடித்தால் விரல் போய்விடும். அட்டைக்குப் பின்னால் மண் மூட்டையோ பழந்துணி இறுக்கி அடைத்த பெட்டியோ வையுங்கள். தென்னை மரத்திலேயே அட்டையை ஒட்டிச் சுடுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம், குண்டு எகிறித் திரும்பி வரும், மரத்துக்கும் காயம்.

அப்புறம் அடிப்படைச் சோதனை. மேசையில் உட்கார்ந்து, மணல் பையின் மேல் கையை வைத்து, கையின் மேல் ரைபிளை வைத்து, 10 மீட்டரில் மூன்று அட்டை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து குண்டு. நடுவில் எதையும் மாற்றக்கூடாது. குரூப்பை அளக்க, தூரமாக இருக்கிற இரண்டு ஓட்டைகளின் வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு அளந்து 4.5 மி.மீ. கழித்துக்கொள்ளுங்கள், மையத்துக்கு மையம் கிடைத்துவிடும். மூன்று அட்டையையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே ரைபிள், அதே பெல்லட்டை கூட்டத்தில் நன்றாகச் சுடுகிற இன்னொருவரிடம் கொடுங்கள். அவருக்கும் சிதறினால் பழுது ரைபிளில். அவருக்குச் சின்னதாக விழுந்தால் பழுது பிடியிலோ மூச்சிலோ விரலிலோ இருக்கிறது, ஸ்க்ரூ டிரைவரை உள்ளே வைத்துவிடலாம்.

எதிர்பார்ப்பும் நியாயமாக இருக்கட்டும். போட்டி அட்டையில் பத்துப் புள்ளி வெறும் 0.5 மி.மீ., கறுப்பு வட்டம் 30.5 மி.மீ., மொத்த வளையமும் 45.5 மி.மீ. தான். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதே 10 மீட்டரில், இதே 4.5 மி.மீ. குண்டில், ஆனால் அந்த ரைபிளே வேறு வகை. எங்கள் தோப்பில் சாதாரண ஸ்பிரிங் ரைபிள் மேசையில் வைத்து 10 மி.மீ. சுற்றி ஒரு குரூப் போட்டால் நல்ல ரைபிள் என்போம். 15 வரை பரவாயில்லை. 25, 30 என்று போனால்தான் பழுது தேடணும்.

குரூப் சின்னதுதான், ஆனால் நடுவில் விழவில்லை

சந்தோஷப்படுங்கள், இது பழுதே இல்லை. குறிபார்க்கும் சைட்டைத் திருப்பினால் போதும். பின் சைட்டை, குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் நகர்த்துங்கள், மேலே போகணும் என்றால் மேலே. முன் சைட் நகரும் வகை என்றால் எல்லாம் தலைகீழ். ஸ்கோப்பாக இருந்தால் கால் எம்ஓஏ கிளிக் என்று எழுதியிருக்கும். எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம், கிளிக் என்பது திருகு ஒரு தடவை டிக் என்று நகர்வது. ஒரு கிளிக் 100 மீட்டருக்கு 7 மி.மீ. சொச்சம், நம் 10 மீட்டருக்கு ஒரு கிளிக் 0.7 மி.மீ. தான். இதைத் தெரியாமல் நாலு கிளிக் திருப்பிவிட்டு "ஸ்கோப் அசையவே மாட்டேங்குதுங்க" என்று ஒரு தம்பி கொண்டுவந்தான். குரூப் 14 மி.மீ. இடது பக்கம் இருந்தது, அதற்கு 20 கிளிக் வேண்டும். எண்ணித் திருப்பினான், அடுத்த அட்டையில் நடுவில் விழுந்தது.

திருகு முட்டி நின்றும் நடுவுக்கு வரவில்லை என்றால் ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் கோணலாக இருக்கலாம், கழற்றித் திருப்பி மாட்டிப் பாருங்கள். மடக்கும் ரைபிள்களில் பேரல் கொஞ்சம் கீழே பார்த்தபடி இருப்பது உண்டு. குண்டு எப்போதும் கீழேயே விழுந்து ஸ்கோப்பில் மேலே ஏற்ற இடம் இல்லை என்றால் அதுதான் காரணம். அதற்கென்று சரிவாகச் செய்த மவுண்ட் கிடைக்கிறது. பேரலை முழங்காலில் வைத்து நிமிர்த்துகிறேன் என்று யாராவது சொன்னால் ரைபிளை அவரிடம் கொடுக்காதீர்கள்.

நேற்று வரை சரி, இன்று எல்லாப் பக்கமும் சிதறுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதல் சந்தேகம் ஸ்டாக் ஸ்க்ரூக்கள். ஸ்பிரிங் ரைபிள் ஒவ்வொரு குண்டுக்கும் முன்னும் பின்னுமாக உதறும், முந்நூறு நானூறு குண்டு போனதும் கட்டையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்கள் தளர்ந்துவிடும். முன்பக்கம் இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று, ட்ரிகர் வளையத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். சரியான அளவு முனை கொண்ட ஸ்க்ரூ டிரைவரால் எல்லாவற்றையும் முடுக்குங்கள், மரம் நசுங்கும் அளவுக்கு வேண்டாம். அடிக்கடி தளர்ந்தால் நீல நிறத் திரெட் லாக் பசை ஒரு சொட்டு விடலாம். சிவப்பு வேண்டாம், அது சூடு காட்டாமல் திரும்பக் கழலாது. என் கைக்கு வந்த சிதறல் புகார்களில் கிட்டத்தட்ட பாதி இந்த ஸ்க்ரூவோடு முடிந்தது.

ஸ்க்ரூ இறுக்கமாக இருந்ததா? அடுத்தது பெல்லட். புது டப்பா திறந்தீர்களா, வேறு வகை வாங்கினீர்களா, பழைய டப்பா கீழே விழுந்ததா என்று யோசியுங்கள். ஒரு ரைபிளுக்குப் பிடித்த பெல்லட் இன்னொன்றுக்குப் பிடிக்காது, ஒரே மாடலில் இரண்டு ரைபிள் வாங்கினாலும் அப்படித்தான். இதற்குக் குறுக்கு வழி கிடையாது. மூன்று நான்கு வகை வாங்கி, ஒவ்வொன்றிலும் முதல் ஐந்தாறு குண்டை வீணாக விட்டு, அதற்கப்புறம் அட்டையில் சுட்டுப் பார்க்கணும். வகை மாறினால் பேரலுக்குப் பழக கொஞ்சம் குண்டு தேவைப்படும். 10 மீட்டருக்குத் தட்டைத் தலை பெல்லட் நல்லது, ஓட்டை சுத்தமாக விழும், அளக்கவும் எளிது. 25 மீட்டருக்கு உருண்டைத் தலை போடுங்கள், தட்டைத் தலை அந்தத் தூரத்தில் அலையத் தொடங்கும்.

பெல்லட்டும் பழையதே என்றால் ஸ்கோப் மவுண்டின் ஸ்க்ரூக்களை ஒருக்கா பார்த்துவிடுங்கள், ஸ்கோப் இல்லாத ஓபன் சைட் என்றால் பின் சைட் ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பாருங்கள்.

அடுத்து பேரல் மடங்கும் இடம். பேரலை மூடி, முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெதுவாக அசையுங்கள். ஆட்டம் தெரிந்தால் அச்சு போல்ட் தளர்ந்திருக்கிறது. முடுக்கும் வசதியுள்ள போல்ட் என்றால், பேரலை பாதி மடக்கி விட்டால் தன் எடையில் கீழே விழாமல் அங்கேயே நிற்கும் அளவுக்கு முடுக்கணும். வெறும் பின் அடித்த வகை என்றால் அதை நாம் தொடக்கூடாது.

இத்தனையும் பார்த்து, பேரலையும் ஒரு தடவை துடைத்து, பிறகும் சிதறினால் உள்ளே ஸ்பிரிங்கோ, காற்று கசியாமல் தடுக்கும் சீலோ போயிருக்கலாம், "குண்டு வரவரக் கீழே விழுகிறது" என்ற தலைப்பையும் படித்துவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். பேரல் துடைப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபெல்ட் பெல்லட்டோ நைலான் கயிற்றில் கட்டிய துணியோ போதும், குண்டு போடும் பக்கத்திலிருந்து முனைப் பக்கம் இழுக்கணும். இரும்புக் கம்பியை முனை வழியாக விட்டுக் குடையாதீர்கள், முனையின் உள் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்தால் அந்த ரைபிள் குரூப் போடவே போடாது. துடைத்த பிறகு முதல் பத்துப் பதினைந்து குண்டு சிதறத்தான் செய்யும், பயப்படவேண்டாம். அதனாலேயே பந்தயத்துக்கு முந்தின நாள் இரவு பேரலைத் துடைக்கக்கூடாது.

மேலும் கீழுமாகக் கோடு போட்ட மாதிரி விழுகிறது

மூச்சு. மார்பு ஏறி இறங்கும்போது பேரல் இறங்கி ஏறும். பாதி மூச்சை விட்டுவிட்டு, அடுத்த மூச்சு தானாக வருவதற்கு முன்னால் இருக்கும் அந்த ஐந்தாறு விநாடிக்குள் சுட்டுவிடணும். அதற்குள் முடியவில்லை என்றால் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். இழுத்துப் பிடித்துக்கொண்டே நின்றால் கண் மங்கும், கை நடுங்கும்.

மூச்சு சரி என்றால் பிடி. ஸ்பிரிங் ரைபிளை இறுக்கிப் பிடிக்கவே கூடாது. குண்டு பேரலை விட்டு வெளியே போவதற்கு முன்பே ரைபிள் உதறத் தொடங்கிவிடும், அந்த உதறல் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருந்தால்தான் குண்டு ஒரே இடத்தில் விழும். முன்கட்டையை விரித்த உள்ளங்கையில் சும்மா வைத்துக்கொள்ளுங்கள், விரலை மடக்காதீர்கள், தோளிலும் லேசாகத் தொட்டால் போதும். உள்ளங்கை எந்த இடத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம், இரண்டு விரற்கடை முன்னே போனாலே குண்டு மேலேயோ கீழேயோ மாறும். கட்டையில் டேப் துண்டு ஒன்று ஒட்டி அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மணல் பையின் மேல் நேராக ரைபிளை வைத்துச் சுட்டுவிட்டு "கையில பிடிச்சா ஒரு இடம், பையில வெச்சா ஒரு இடம்" என்கிறவர்களுக்கும் பதில் இதுதான், பைக்கும் ரைபிளுக்கும் நடுவில் உங்கள் கை இருக்கட்டும்.

10 மீட்டரில் ஒழுங்காக விழுந்து 25 மீட்டரில் மட்டும் கோடு போட்டால் வேகம் குண்டுக்குக் குண்டு மாறுகிறது என்று அர்த்தம். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் குண்டின் வேகம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் 10 மீட்டரில் 4 மி.மீ. அளவுதான் கீழே இறங்கும், கண்ணில் படாமலே போய்விடும். அதே குறை 25 மீட்டரில் இரண்டரை செ.மீ. ஆகிவிடும். ஸ்பிரிங் வகை என்றால் பெல்லட்டையும் சீலையும் பாருங்கள், சோதனை கீழே இருக்கிறது. சிலிண்டர் வகை என்றால் ஒவ்வொரு அட்டையின் மேலும் அழுத்த மீட்டர் காட்டும் எண்ணை எழுதி வையுங்கள். ரெகுலேட்டர், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் அழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம் இல்லாத ரைபிளில் சிலிண்டரை முட்ட நிரப்பினால் முதல் சில குண்டு மெதுவாகப் போகும், நடுவில் வேகம் ஏறி நிலைக்கும், அழுத்தம் இறங்கியதும் மறுபடி குறையும். நடுவில் நிலைக்கும் அந்தப் பகுதி எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை என்று கண்டுபிடித்து அதற்குள் மட்டும் பந்தயம் சுடுங்கள். ரெகுலேட்டர் இருந்தும் வேகம் அலைந்தால் அது சர்வீஸ்காரர் வேலை. சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிற்கிறது, அதை வீட்டில் வைத்து ஸ்பேனரால் திறப்பதை எந்த நிலையிலும் செய்யாதீர்கள். சிலிண்டரில் காலாவதித் தேதி அச்சிட்டிருந்தால் அதையும் பாருங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் நிரம்பிய சிலிண்டரை விட்டுவிட்டு வருவதும் கூடாது, சித்திரை மாதம் நம் ஊர்க் கார் உள்ளே எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இடமும் வலமுமாக அகன்று விழுகிறது

தோப்பிலோ தோட்டத்திலோ சுடுகிறவர்கள் முதலில் மரத்தைப் பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று வைகாசிக் கடைசியில் தொடங்கி ஆடி முழுக்கப் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் என்று மேற்கிலிருந்து அடித்துக்கொண்டே இருக்கும், காற்றாலைகளை அங்கே கொண்டுவந்து நட்டதே அதற்காகத்தான். அரை கிராம் எடையுள்ள ஈயத் துண்டை அது சும்மா விடாது. தூரம் இரண்டரை மடங்கானால் காற்று தள்ளும் அளவு ஆறு மடங்கு கிட்ட ஆகும், ஆகவே 10 மீட்டரில் தெரியாத காற்று 25 மீட்டரில் குரூப்பைக் கிழித்துவிடும். நாங்கள் ஆடி மாதம் 25 மீட்டர் அட்டையைத் தெற்கு வடக்காக வைப்பதை விட்டுவிட்டு, காற்று முகத்திலோ முதுகிலோ அடிக்கும்படி கிழக்கு மேற்காக மாற்றி வைத்தோம், அந்த மாதமே எல்லார் குரூப்பும் சுருங்கியது. இடத்தை மாற்ற முடியாது என்றால் அட்டைக்குப் பக்கத்தில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, அது ஒரே மாதிரி சாய்ந்திருக்கும்போது மட்டும் சுடுங்கள்.

காற்று இல்லாத இடத்திலும் இப்படி விழுந்தால் ரைபிள் சாய்வதைப் பாருங்கள். வலப்பக்கம் சாய்ந்தால் குண்டு வலதும் கொஞ்சம் கீழுமாகப் போகும். பின்னால் ஒருவரை நிறுத்திப் போட்டோ எடுக்கச் சொன்னால் உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் உடல் திசை. நின்று சுடும்போது குறி வைத்துவிட்டுக் கண்ணை மூடி, உடம்பைத் தளர்த்தி, இரண்டு மூச்சு விட்டுக் கண்ணைத் திறங்கள். முனை இடதுபக்கம் போய் நிற்கிறதா? அப்படியானால் நீங்கள் ஒவ்வொரு குண்டுக்கும் கையால் வலதுபக்கம் இழுத்துப் பிடித்திருக்கிறீர்கள். கையால் திருத்தாதீர்கள், பாதத்தை நகர்த்துங்கள்.

ட்ரிகர் விரலும் இதே வேலையைச் செய்யும். விரலின் முதல் கணுவுக்கு முன்னாலுள்ள சதைப் பகுதி மட்டும் ட்ரிகரைத் தொடணும், விரலின் மீதிப் பாகம் கட்டையை உரசக்கூடாது, பின்னோக்கி நேராக அழுத்தணும். சுட்ட பிறகும் ஒரு விநாடி விரலை அப்படியே வைத்திருங்கள்.

ஓபன் சைட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. காலை வெயில் பக்கவாட்டில் அடித்தால் முன் சைட்டின் ஒரு பக்கம் மட்டும் பளபளக்கும், கண் அந்தப் பளபளப்பை நடுவில் வைக்கும், குண்டு வெயிலுக்கு எதிர்ப்பக்கம் போகும். இரும்பு முன் சைட் என்றால் ரைபிளைத் தூர வைத்துவிட்டு, அகல் விளக்குப் புகையில் பிடித்த கரியை விரலால் தொட்டு அதன்மேல் பூசுங்கள், பளபளப்பு போய்விடும். ஸ்கோப் என்றால் பேரலாக்ஸ், அதாவது கண்ணை லேசாக நகர்த்தும்போது குறுக்குக் கோடு அட்டையின் மேல் நகர்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால் முன் வளையத்தையோ பக்கத் திருகையோ 10 மீட்டருக்குத் திருப்பணும். அந்த வசதியே இல்லாத, தூரத்துக்கென்று செய்த ஸ்கோப் என்றால் கன்னத்தை ஒவ்வொரு முறையும் கட்டையில் ஒரே இடத்தில் வைத்துச் சமாளிக்கலாம், முடியாவிட்டால் ஸ்கோப் மாற்றும் செலவு உண்டு.

நாலு ஒன்றாக விழுந்து ஒன்று மட்டும் ஓடிவிடுகிறது

இந்த ஒன்றில்தான் பந்தயமே கை மாறிப் போகும். சுட்ட நொடியில், அட்டையைப் பார்ப்பதற்கு முன்னாலேயே, குறி எங்கே இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். "வலது, கொஞ்சம் மேல" என்று சொல்லி ஓட்டையும் அங்கேயே இருந்தால் அது உங்கள் குண்டு. "நடுவுல" என்று சொல்லி ஓட்டை எங்கோ இருந்தால் பெல்லட்டையோ ரைபிளையோ பாருங்கள்.

பெல்லட்டின் பின்பக்கப் பாவாடை விளிம்பு மெல்லிய ஈயம், டப்பாவைக் குலுக்கினாலே நசுங்கும். கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாக உருட்டிப் பாருங்கள், நல்லது சீராக வளைந்து ஓடும், நசுங்கியது தத்தும். பந்தயத்துக்கு வைக்கும் ஐம்பது குண்டை எடை போட்டும் பிரிக்கலாம். எங்கள் கூட்டத்தில் கோவையில் நகைப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் தன் தராசில் ஒரு டப்பாவை நிறுத்துப் பார்த்தார். 0.53 கிராம் என்று எழுதிய டப்பாவில் 0.51ம் இருந்தது, 0.55ம் இருந்தது. ஓரத்தில் கிடந்ததை எல்லாம் பழகுவதற்கு ஒதுக்கிவிட்டு நடுவிலுள்ளதை மட்டும் பந்தயத்துக்கு வைத்துக்கொண்டார், ஓடிப்போகும் குண்டு குறைந்துவிட்டது. ஈயத்தைத் தொட்ட கையோடு முறுக்கு எடுத்துச் சாப்பிடாதீர்கள், சோப்புப் போட்டுக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு டப்பாவே போகக்கூடாது.

பெல்லட் எல்லாம் நன்றாக இருந்தும் ஓடுகிறது என்றால் பேரல் முனையை டார்ச் அடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள், அதற்கு முன் குண்டு இல்லை என்று மறுபடி ஒரு தடவை உறுதி செய்துகொள்ளுங்கள். உள் விளிம்பில் சின்ன வெட்டு, நசுங்கல் தெரிந்தால் அதைச் சரிசெய்யத் துப்பாக்கி வேலை தெரிந்தவர் வேண்டும். கோயம்புத்தூரில் லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை, மோட்டாரும் பம்பும் கடைந்து கை பழகிய நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள், அது வேறு விஷயம். பேரல் முனை துளைக்குச் சரிசமமாக நடுவில் வரணும், அந்தப் பழக்கம் இல்லாதவரிடம் கொடுத்தால் இருந்ததும் போய்விடும்.

குண்டு வரவரக் கீழே விழுகிறது, சத்தமும் மாறியிருக்கிறது

பேரல் மூடும் இடத்தில் ரப்பர் ஓ-ரிங் ஒன்று இருக்கும். அந்த இணைப்பின் மேல் டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்து, குண்டு போட்டு, மண் மூட்டையைப் பார்த்துச் சுடுங்கள். பேப்பர் படபடவென்று பறந்தால் காற்று அங்கே கசிகிறது. ஓ-ரிங்கை மாற்ற ஐந்து நிமிடம் போதும், விலையும் கொஞ்சம்தான், அளவு சரியாக இருக்கணும் என்பது மட்டுமே முக்கியம்.

பேப்பர் பறக்கவில்லை என்றால் மடக்கும்போது காது கொடுத்துக் கேளுங்கள். கரகர என்று உரசும் சத்தம், மடக்க முன்பைவிட இலகுவாக இருப்பது, சுட்டதும் டொய்ங் என்று நீளும் ஓசை, இவை ஸ்பிரிங் ஒடிந்ததற்கோ வளைந்ததற்கோ அடையாளம். இந்த இடத்தில் நிறுத்திவிட்டு ரைபிள் வாங்கிய கடைக்கோ கம்பெனி சர்வீஸுக்கோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கோ கொண்டுபோங்கள். உள்ளே ஸ்பிரிங் அமுங்கியே இருக்கிறது, அதைப் பிடித்துத் தளர்த்தும் கருவி இல்லாமல் பின் மூடியைக் கழற்றினால் முகத்தில் பாயும். "இதவிட பலமான ஸ்பிரிங்காப் போட்டுக் குடுங்க" என்று கேட்பதும் வேண்டாம், குரூப் பெரிதாகத்தான் ஆகும். இன்னொன்றும் இருக்கிறது, 4.5 மி.மீ. ரைபிளை உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடிவது சக்தி 20 ஜூலுக்குள் இருக்கும் வரைதான்.

சத்தம் குறைவதற்குப் பதில் பட்டாசு மாதிரி வெடித்து, புகையும் எண்ணெய் கருகும் வாசனையும் வந்தால் உள்ளே எண்ணெய் போயிருக்கிறது. தையல் மிஷின் எண்ணெயையும் தேங்காய் எண்ணெயையும் காற்றுத் துளையில் விட்டுக் கொண்டுவந்த இரண்டு ரைபிளைப் பார்த்திருக்கிறேன். பிஸ்டன் அமுக்கும் காற்றின் சூட்டில் அந்த எண்ணெய் பற்றி வெடிக்கும், சீல் கெடும், ஸ்பிரிங் ஒடியும். புது ரைபிளில் முதல் சில பத்துக் குண்டுக்குக் கொஞ்சம் புகை வருவது சாதாரணம், அதற்குப் பிறகும் வந்தால் சர்வீஸ். குண்டு போடாமல் ஸ்பிரிங் ரைபிளைச் சும்மா சுட்டுப் பார்ப்பதும் இதே சீலையும் ஸ்பிரிங்கையும்தான் கொல்லும், வீட்டுக்கு வந்த ஒறம்பரைப் பையன் கையில் கொடுப்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஸ்கோப்பைச் சரிசெய்த அரை மணியில் மறுபடி விலகுகிறது

மவுண்டுக்குப் பின்னால் ரைபிள் மேல் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். இருபது குண்டுக்குப் பிறகு கோட்டுக்கும் மவுண்டுக்கும் நடுவில் இடைவெளியோ, மவுண்ட் கோட்டின் மேல் ஏறியதோ தெரிந்தால் மவுண்ட் நழுவுகிறது. ரைபிள் மேல் மவுண்ட் மாட்டும் தண்டவாளத்திலும் மவுண்டின் அடியிலும் எண்ணெய் இல்லாமல் துடைத்து முடுக்குங்கள், தடுப்பு முள் உள்ள மவுண்ட் போடுங்கள். வளையத்துக்குள் ஸ்கோப் குழாய் நழுவுகிறதா என்றும் இதே மாதிரி பார்க்கலாம்.

நழுவவில்லை என்றால் ஸ்கோப்பையே சோதிக்கணும். ஒரு குரூப் சுடுங்கள், 20 கிளிக் வலது, ஒரு குரூப். 20 மேல், ஒரு குரூப். 20 இடது, 20 கீழ் என்று சுற்றி வந்தால் கடைசிக் குரூப் முதல் குரூப்பின் மேலேயே விழணும். விழவில்லை என்றால் உள்ளே பழுது, அதைச் சரிசெய்வதைவிட மாற்றுவதே மேல். பெரிய துப்பாக்கிக்குப் போட்ட விலையுயர்ந்த ஸ்கோப் ஸ்பிரிங் ஏர் ரைபிளில் ஏன் உடைகிறது என்று கேட்பார்கள். பெரிய துப்பாக்கி பின்னால் மட்டும் உதைக்கும், இது பின்னாலும் உதைத்து முன்னாலும் உதைக்கும். ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு என்று சொல்லி விற்பதையே வாங்குங்கள்.

பழகும்போது நன்றாக விழுகிறது, பந்தயத்தில் மட்டும் கெடுகிறது

ரைபிளைத் தொடாதீர்கள். காலையில் வெறும் வயிற்றில் இரண்டு டம்ளர் காபி குடித்துவிட்டு வந்தீர்களா, மேசையில் மட்டும் பழகிவிட்டுப் பந்தயத்தில் நின்று சுடுகிறீர்களா, முந்தின ஆள் அட்டையைப் பார்த்துவிட்டு வந்தீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின ஆள் அட்டையைப் பார்க்கவே வேண்டாம். சுடும் வரிசையை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், பாதம், கன்னம், மூச்சு, சைட், விரல் என்று ஒவ்வொரு குண்டுக்கும் அதே ஒழுங்கு. கை நடுங்கினால் இறக்கி வையுங்கள், ஐந்து குண்டுக்குப் பத்து நிமிடம் எடுத்தாலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், நம் ஆட்கள்தானே.

நாற்பது தாண்டியவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, வெகுநாள் கவனிக்காமல் விடுவார்கள். பழகுவது பொழுதோடு ஐந்து மணிக்கு வெளிச்சத்தில், பந்தயம் காலை ஆறரைக்குத் தோப்பு நிழலில், முன் சைட் மங்கலாகத் தெரியும். ஓபன் சைட்டில் கண் முன் சைட்டைக் கூர்மையாகப் பார்க்கணும், அட்டை கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. முன் சைட்டின் விளிம்பே தெரியவில்லை என்றால் கண் டாக்டரிடம் போய்விடுங்கள். போகும்முன் வீட்டில் ரைபிளைக் காலியாகத் தோளில் வைத்து, கண்ணிலிருந்து முன் சைட் வரை டேப் வைத்து இன்னொருவரை அளக்கச் சொல்லி அந்த எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். படிப்பதற்கு இல்லை, தூரம் பார்ப்பதற்கும் இல்லை, இந்த அளவில் தெளிவாகத் தெரியணும் என்று சீட்டைக் காட்டினால் அந்தத் தூரத்துக்கே கண்ணாடி எழுதிக் கொடுப்பார்.